விளிம்பு

என் வேலை, கூப்பிடுவது.
சிகாகோ, ஜாக்சன் தெரு, பதினோராம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
காலை ஏழுக்குள் பட்டியல் வந்துவிடும்:
யார் கணக்கில் விளிம்புத்தொகை கரைந்தது,
யார் நண்பகலுக்குள் ஈடுகட்ட வேண்டும்.
"கணக்குத் தீர்வுப் பிரிவிலிருந்து ரொசாலிண்ட்" என்பேன்.
மறுமுனையில்
காபி உறிஞ்சும் சத்தம் நின்றுபோகும்.

விளிம்பு என்று பெயர் வைத்தவன்
ஒருமுறையாவது
எட்டிப் பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

லாம்பர்ட் ஹவெல்காவின் மேலங்கி
பழுத்த எலுமிச்சை நிறம்.
சோயாக் குழியில் மூன்றாம் படி அவன் இடம்.
உள்ளங்கை தன்னைப் பார்த்தால் வாங்குகிறான்,
ஊரைப் பார்த்தால் விற்கிறான்.
அந்தக் கோடை முழுக்க
அவன் உள்ளங்கையை அவன் மட்டுமே பார்த்தான்.

பதினைந்து ஒப்பந்தத்தில் தொடங்கினான்.
ஒன்றுக்கு ஐயாயிரம் புஷல்.
ஒரு விதையைத் தொட்டதில்லை.
அவனுக்கு விற்றவனிடமும் விதை இல்லை.
கையில் இல்லாததை விற்பவனும்
வீட்டுக்கு வேண்டாததை வாங்குபவனும்
தொண்டை கட்டும்வரை கத்தி
ஒரு விலையைக் கண்டுபிடிப்பார்கள்.
மாலைச் செய்தியில் உலகம் அதை நம்பும்.

ஜூனில் மழை இல்லை.
ஆற்றில் தானியப் படகுகள் தரைதட்டின.
ஐயோவாவில் அவன் அக்கா ஆர்லீன்
நானூறு ஏக்கரில் சோயா போட்டிருந்தாள்.
இலைகள் வெள்ளை முதுகைக் காட்டித்
திரும்பிக்கொண்டன.
ஞாயிறுதோறும் கூப்பிட்டு
"மேகம் உண்டா?" என்பான்.
"இல்லை" என்பாள்.
"ஐயோ" என்பான்.
ரிசீவரை வைத்துவிட்டு,
இன்னும் ஐந்து ஒப்பந்தம் என்று
அட்டையில் குறித்துக்கொள்வான்.
ஐந்து ஞாயிறு.
(இதை அவனேதான் சொன்னான், பிறகு, சிரிக்காமல்.)

ஆர்லீன் ஏப்ரலிலேயே
முளைக்காத பயிரை முன்விலைக்கு விற்றிருந்தாள்.
அதற்குப் பெயர் காப்பு.
விளையாவிட்டாலும் மூட்டை வந்தாகவேண்டும் என்று
கிடங்குக்காரர் சொன்ன அன்றுதான் தெரிந்தது,
போலீஸ்காரர் மாட்டுவதற்கும்
அதே பெயர்.

அவனுக்கோ காகிதத்தில் லாபம்.
படகு வாங்கலாமா என்று
மனைவியிடம் கேட்டிருக்கிறான்.
காகிதம்.
மழை வந்தால் என்னவாகும் என்று
குழந்தைக்குத் தெரியும்.

ஜூலையில் ஒரு சனி இரவு வந்தது.

திங்கள் மணி அடித்ததும்
எல்லா உள்ளங்கைகளும் ஊரைப் பார்த்தன.
முப்பது சென்ட் விழுந்தால்
அன்றைய சரிவு அங்கே நிற்கும்; கீழ்வரம்பு.
விலை நிற்கும், வாங்குபவன் நிற்கமாட்டான்.
யாருக்கும் விற்கமுடியாத ஒன்றின் விலை
பலகையில் எரிந்துகொண்டே இருக்கும்.
நாற்பது ஒப்பந்தம், நாளுக்கு அறுபதாயிரம் டாலர்.
செவ்வாயும் அப்படி. புதனும்.

செவ்வாய் ஏழு பத்துக்குக் கூப்பிட்டேன்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
"இங்கே கேள்," என்றான்,
"அக்கா இப்போதுதான் பேசினாள்.
தலை நனைய வயலில் நின்றாளாம்.
இலையெல்லாம் பச்சைப் பக்கம் திரும்பிவிட்டதாம்."
குரலில் என்ன இருந்தது என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.
"நண்பகலுக்குள்" என்றேன்.
அந்த நேரத்தில் என்னிடம் வேறு சொல் இல்லை.

வீட்டின்மேல் ஏற்கெனவே ஓர் அடமானம்,
அதன்மேல் இன்னொன்று.
வியாழன் வரம்பு திறந்ததும்
அவன் ஒப்பந்தங்களை நாங்களே விற்றோம்.
இருப்பு என்ற கட்டத்தில்
எண்ணுக்கு முன் ஒரு சின்னக் கோடு.
இல்லாமல் போவதற்கும் கீழே
ஒரு மனிதன் இருக்கலாம் என்று
அந்தக் கோடு சொல்லும்.

எலுமிச்சை அங்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.
பையில் ஒரு பென்சில் துண்டு, இருமல் மிட்டாய்.
"இதையும் ஏலம் விடுங்கள்" என்றான்.
மிட்டாயை நான் தின்றேன்.

அக்டோபரில் ஐயோவாவிலிருந்து ஒரு காசோலை,
அவன் கணக்கு எண்ணுக்கு.
நிலுவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.
குறிப்புக் கோட்டில்,
சாய்ந்த கையெழுத்தில்:
மழைக்காக.

பற்று இடது, வரவு வலது.
வலதில் எந்தத் தலைப்பு?
வட்டியில்லை, அசலில்லை, ஈடுமில்லை.
மேலாளர் லெஜர்வுட் கண்ணாடியைக் கழற்றாமல்
"இதரம்" என்றார்.

இதரம் என்று எழுதினேன்.
மறுநாள் ஏழு மணிக்குப் பட்டியல் வந்தது.